மிச்சம் நான்கு

இரவு இரண்டு பத்து.
பழுதான மின்தூக்கி ஒன்றை எழுப்பிவிட்டு வந்து
தோ பாயோவில் என் சமையலறைச் சன்னலோரம் நின்று
எதிர் புளோக்கை எண்ணினேன்.
இரண்டாம் மாடி முதல் பதின்மூன்று வரை
மாடிக்கு இருபத்துமூன்று சன்னல்.
சில மஞ்சள், சில வெள்ளை.
நான்கில், போட்டபடி யாரோ தூங்கிப்போன
தொலைக்காட்சியின் நீலம்.
ஒன்பதின் முதல் வீட்டில் சாமிமேடைச் சிவப்பு.
மற்றதெல்லாம் கறுப்பு.

மடிக்கணினியைத் திறந்து
கட்டம் கட்டமாக நிரப்பினேன்.
ரப்பர் மரத்தில் ஒரு தட்டு,
பத்தொன்பது சென்டிமீட்டர்.
கடைசலில் வளையம் வளையமாக மணி இழுத்து
மணிகளைக் குறுக்கே சூட்டுக்கோலால் கோடிட்டு
கட்டத்துக்குக் கட்டம் மை தொட்டு வைத்தால்
தள்ளி நின்று பார்க்கிறவனுக்கு அது
பின்னிய கூடை.
எனக்கு மட்டும் புளோக்.

மென்பொருளில் ஒரு பொத்தான், 'வட்டமாக்கு'.
அழுத்தினேன்.
நிமிர்ந்து நின்ற கட்டடம்
காற்றில் மாட்டிய குடைபோல் மல்லாந்து விரிந்தது.
தூண்களும் கல்மேசைகளுமாய்
யாரும் குடியிருக்காத கீழ்த்தளம்
சுருங்கி நடுவில் பொட்டானது.
பதின்மூன்றாம் மாடி விளிம்புக்குப் போனது.
அங்கே ஒரு சன்னலுக்கு ஆறு மில்லிமீட்டர்,
இரண்டாம் மாடிக்காரருக்கு ஒன்றரை.
வீட்டு விலை தெரிந்த மென்பொருள்.

ஒன்பதாம் மாடியின் முதல் வீடு திருவாட்டி ஓங்.
கடைசி வீடு ஹஸ்னா, தாதி, இரவு வேலை.
ஒரே தாழ்வாரத்தின் இரு முனை.
வட்டமானதும்
சிவப்பும் கறுப்பும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டன.
இருவருக்கும் தெரியாது.
சொல்கிற விஷயமும் இல்லை.

கணக்கு அங்கேதான் இடித்தது.
வாடகைக் கடைசலின் பிரிதட்டில் தொண்ணூற்றாறு துளை.
இருபத்துமூன்றை நான்கு தரம் சுற்றினால்
தொண்ணூற்றிரண்டு.
மிச்சம் நான்கு.
'இழுத்துப் பொருத்தவா?' என்றது திரை.
இழுத்தால் துளையோடு கோடு சேராது.
வேண்டாம் என்றேன்.
கோப்பி போட்டேன். ஆறவிட்டேன்.
ஒரு வீட்டைப் புதிதாகக் கட்டலாமா?
யாரைக் குடிவைப்பது?

மறுபடி சன்னலுக்குப் போனபோதுதான் பட்டது.
பதினொன்றாம் சன்னலுக்கும் பன்னிரண்டாவதுக்கும் நடுவே
சன்னலே இல்லாமல் மேலேறும் அந்தச் சுவர்ப்பட்டை.
மின்தூக்கிக் கூண்டு.
பத்தொன்பது வருடமாக நான் ஏறியும் தொங்கியும்
எண்ணெய் போட்டும் சம்பளம் வாங்கியும் வருகிற இடம்.
எண்ணும்போது அதை விட்டுவிட்டேன்.
மாடிக்கு இருபத்துநான்கு.
நான்கு சுற்று, தொண்ணூற்றாறு.

ஞாயிற்றுக்கிழமை சுங்கை காடுட்.
மணிக்குப் பன்னிரண்டு வெள்ளி.
பக்கத்துக் கடைசலில் பூன் லெங் காது அடைத்துக்கொண்டு
மிளகுக் குப்பி கடைந்துகொண்டிருந்தார்.
மழை. தகரக் கூரை.
என் கட்டங்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தன.
ஏழாம் வளையத்தில்,
ஒரே ஒரு கால்வட்டத்தில்,
எண்ணிக்கை ஒன்று தவறி
மஞ்சள் மை
கூண்டுக்குள் விழுந்துவிட்டது.
என் இடது சுண்டுவிரல்
மேசையில் இல்லாத 'செயல்தவிர்' விசையைத்
தானாகவே தேடியது.
மரம் மையைக் குடித்து முடித்திருந்தது.

"இதில் நம்ம வீடு எது?" என்றாள் சுகுணவதி.
"இதில் இல்லை. நாம் பார்க்கிற பக்கம்."
"அப்போ கறுப்புக்கு நடுவே இந்த மஞ்சள்?"
யாரோ ஏறிப் போகிறார்கள் என்றேன்.
"இந்நேரத்திலா?"
இந்நேரத்தில்தான்.

இரண்டு மாதத்தில் இந்த ஊர் ஈரத்துக்குத்
தட்டு இரண்டு மில்லிமீட்டர் நீள்வட்டமாகிவிட்டது.
கோப்பைத் திறந்து பார்த்தேன்.
அங்கே இன்னும் சுத்தமான வட்டம்.
கூண்டு காலி.

சாவியை அவள் தட்டின் நடுவில் போடுகிறாள்,
கீழ்த்தளத்தில்.
வேலைக்குக் கிளம்புகையில்
அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன்.